பொறியும் புலனும்

தேயிலை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் எழுத்தாளர்களின் கண்முன் வந்து நிற்பவள், முதுகில் கூடை சுமந்து, பனியில் நனைந்த முக்காட்டுடன் கொழுந்து கிள்ளும் பெண்தான். கதைகளிலும் கவிதைகளிலும் நாட்காட்டிப் படங்களிலும் அவளே இடம்பெறுகிறாள். அவள் பட்ட துன்பம் பாடப்பட வேண்டியதே. பாடியவர்கள் பிழை செய்துவிடவில்லை. ஆனால், அவள் கிள்ளிய கொழுந்து மலைச்சரிவை விட்டிறங்கி ஆலையின் வாயிலுக்குள் நுழைந்ததும் நம் கதைகள் முடிந்துவிடுகின்றன. உள்ளே ஓர் இரவு முழுவதும் என்ன நடக்கிறது, பச்சை இலை எவ்வாறு கறுத்துச் சுருண்டு மணம் பெறுகிறது, அதற்காக ஓடும் இயந்திரங்கள் நின்றுவிடாமல் காப்பவர் யார் என்று கேட்டவர் மிகச் சிலரே. கேமரன் மலையில் ஒரு தோட்டத்து ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் காவலைச் செய்து வருபவர் ஒருவர் உண்டு. அவர் வேலைக்கு இப்போதைய பெயர் பராமரிப்புப் பொறியாளர் என்பது. தோட்டத்து மக்களுக்கு அவர் என்றும் 'பிட்டர்'தான். சிறுவர்கள் 'பிட்டர் மாமா' என்பார்கள்.

இந்தப் பெயர்களைப் பற்றியே சிறிது சிந்திக்கலாம். பழுது பார்ப்பவர் என்று சொன்னால், பழுது ஏற்பட்ட பின்னரே அவருக்கு வேலை என்று ஆகிறது. பராமரிப்பு என்பது வடசொல்லின் வழிவந்தது. அதற்கு நிகராக நம்மிடம் பேணுதல் என்னும் அழகிய சொல் இருக்கிறது. குழந்தையையும் முதியோரையும் விருந்தினரையும் உடல்நலத்தையும் பேணுகிறோம். பழுது வருமுன் அறிந்து தடுப்பதே அச்சொல்லின் உயிர். பொறி என்னும் சொல்லோ இன்னும் வியப்பானது. இயந்திரத்துக்கும் பொறி என்று பெயர். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்துக்கும் அதுவே பெயர். இருவேறு பொருளை ஒரு சொல்லில் அடக்கிய நம் முன்னோர் தேயிலை ஆலையைக் கண்டதில்லை. ஆயினும் அங்கே உள்ள பொறிகளைப் பேணும் இம்மனிதர் முதலில் பயன்படுத்தும் கருவிகள் அவருடைய ஐம்பொறிகளேயாம்.

மலையின் வரலாறு நீண்டதன்று. வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு வந்து சென்றார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் காடு காடாகவே கிடந்தது. 1929இல் ரசல் என்னும் ஆங்கிலேயர் இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியதே போ தோட்டத்தின் தோற்றம். இன்று மலேசியாவின் மிகப் பெரிய கறுப்புத் தேயிலை உற்பத்தியாளர் அத்தோட்டத்தாரே. நான்கு ஆண்டுகள் கழித்துப் பாரத் தோட்டம் எழுந்தது. (போ என்னும் பெயரை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். 'போ' என்று பெயர் வைத்த இடத்துக்கு வந்தவர்கள் மூன்று தலைமுறையாகப் போகாமல் அங்கேயே வாழ்ந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால் சிரிப்பு சற்று அடங்கும்.) தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து ஏறும் ஒற்றைச் சாலையில்தான் கனத்த இரும்பு இயந்திரங்கள் அனைத்தும் மேலேறின. நெடுங்காலம் வரைக்கும் ஓர் ஆணி வேண்டுமானாலும் அதே சாலையில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு மற்றொரு சாலை திறந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். மழை பெய்து மண் சரிந்தால் இரண்டு சாலைகளையும் நம்ப முடிவதில்லை. ஆகவே, இங்கே இயந்திரம் பேணுவோர் கையிலுள்ளதைக் கொண்டு காரியம் முடிக்கப் பழகியவர்கள்.

அந்த இரும்புக்கும் ஒரு வரலாறு உண்டு. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூலகந்தரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டபோது, பங்களாவின் தாழ்வாரத்தில் மேசைமீது இலையைப் பரப்பித் தொழிலாளர் தம் கைகளாலேயே உருட்டினர். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை உள்ள பகுதியே அன்றைய இயந்திரம். 1870களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் ஜாக்சன் என்பவர் கைகளின் அந்தச் சுழற்சியை இரும்பில் செய்து காட்டினார். இங்கிலாந்திலுள்ள மார்ஷல் நிறுவனம் அவருடைய உருட்டும் இயந்திரங்களைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. பெல்பாஸ்ட் நகரத்தாரான சாமுவேல் டேவிட்சன் 1864இல் இளைஞராகக் கச்சார் தோட்டங்களுக்கு வந்தவர். கரியடுப்பின்மீது தட்டுகளில் இலையை வாட்டிய முறையைக் கண்டு மனம் நிறையாமல், வெங்காற்றைச் செலுத்தி உலர்த்தும் இயந்திரத்தை உருவாக்கினார். 1881இல் ஊர் திரும்பித் தொழிற்சாலை நிறுவினார். பாலைவனத்தில் வீசும் அனற்காற்றின் பெயரான சிரோக்கோ என்பதையே தம் இயந்திரத்துக்குச் சூட்டினார். பனிபடர்ந்த மலையில் பாலைக்காற்றின் பெயரை நாள்தோறும் உச்சரித்தவர்கள் நம் தோட்டத்து மக்கள். அவர்களுடைய நாவில் அது 'சிராக்கோ' ஆயிற்று. பொருள் தெரியாமலே சொன்னார்கள் என்றாலும், அடுப்பருகே நின்றவர்களுக்குப் பொருள் தெரிந்தேயிருக்கும்.

ஆலைக்குள் நடப்பதைச் சுருங்கக் கூறினால்தான் பிட்டருடைய பொறுப்பு விளங்கும். பறித்து வந்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அதனை நீண்ட தொட்டிகளில் வலைமீது பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்திப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை வாடவிடுவார்கள். வாடிய இலை பட்டுத்துணிபோல் துவளும். பிறகு உருட்டும் இயந்திரத்தில் இட்டால் இலையின் உயிரணுக்கள் உடைந்து சாறு வெளிப்படும். சாறு காற்றோடு கலந்த அந்தக் கணத்திலிருந்து இலையின் தன்மை மாறத் தொடங்குகிறது. பச்சை நிறம் செம்பு நிறமாகிறது. புல்வாசம் போய்ப் பழவாசம் எழுகிறது. இதனைப் புளித்தல் என்று வழக்கத்தில் கூறினாலும், மாவு புளிப்பதுபோல் நுண்ணுயிர்களால் நிகழ்வதன்று. வெட்டி வைத்த ஆப்பிள் பழம் நிறம் மாறுவதைப் போன்றது. உரிய நேரத்தில் அதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவதற்கு நெருப்பு ஒன்றே வழி. ஏறத்தாழ நூறு பாகை வெங்காற்றில் இருபது நிமிடம் உலர்த்தினால் மாற்றம் நின்று, ஈரம் நூற்றுக்கு மூன்று என்னும் அளவுக்கு இறங்கிவிடும். பின்னர்ச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குகிறது.

இங்கேதான் தேயிலை ஆலைக்கும் பிற ஆலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண வேண்டும். ஆணி செய்யும் ஆலையில் இயந்திரம் நின்றால் இரும்பு காத்திருக்கும். நாளைக்கு அதே இரும்பிலிருந்து அதே ஆணியைச் செய்யலாம். தேயிலை காத்திருக்காது. உருட்டிய இலை மேடையில் பரவிக் கிடக்கும்போது உலர்த்தும் இயந்திரம் நின்றுவிட்டால், இலை தன் போக்கில் மாறிக்கொண்டேயிருக்கும். மணம் மங்கும், சுவையின் விறுவிறுப்பு போகும், சாயம் மட்டும் கறுக்கும். வெப்பம் போதாமல் இயந்திரம் அரைகுறையாக ஓடினாலோ இன்னும் கேடு. இலை உலராமல் வெந்துபோகும். ஒருமுறை கெட்ட இலையை எந்தப் பொறியாளராலும் மீட்க முடியாது. கெட்டது நூறு பேருடைய ஒருநாள் உழைப்பு.

அசாமில் குளிர்காலத்தில் தேயிலைச் செடி உறங்கிவிடும். அந்த ஓரிரு மாதங்களில் அங்குள்ள ஆலைகளில் இயந்திரங்களை முழுவதும் கழற்றி, துடைத்து, தேய்ந்தவற்றை மாற்றி, மறுபடியும் பூட்டிவைப்பார்கள். கேமரன் மலையில் அத்தகைய பருவமே இல்லை. ஆண்டு முழுவதும் செடி துளிர்க்கிறது. ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே சரிவில் மீண்டும் அறுவடை நடக்கிறது. உழவனுக்கு ஓய்வு மாதம் உண்டு. ஆசிரியருக்குப் பள்ளி விடுமுறை உண்டு. இம்மலையின் பிட்டருக்கு மட்டும் இயந்திரம் தூங்கும் காலம் என்று ஒன்று வாய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையின் சில மணி நேரமும், கொழுந்து குறைந்த நாட்களில் கிடைக்கும் இடைவெளியுமே அவருக்குச் சொந்தம். எந்தப் பாகத்தை இந்த வாரம் கழற்றலாம், எது அடுத்த மாதம்வரை தாங்கும் என்று முடிவு செய்வதே அவருடைய கலை.

மலையின் ஈரமும் அவருக்குப் பகையாகும். பயணிகள் ரசிக்கும் மூடுபனி மின்மோட்டாரின் சுருள்களுக்குள் புகுந்தால், மேலே பூசிய காப்புப் பொருள் ஈரமேறி வலுவிழக்கும். நான்கு நாள் நின்ற மோட்டாரை அப்படியே ஓட்டினால் எரிந்துபோகக்கூடும். எனவே, காப்பின் தடையை மெகர் என்னும் கருவியால் அளந்து பார்த்து, போதாதெனில் சுருளை வெதுவெதுப்பாக்கி உலர்த்திய பின்னரே மின்னிணைப்புக் கொடுப்பார். இரும்பு துருவேறும் வேகமும் இங்கே மிகுதி. அத்துடன் இலைச் சாறு இரும்பில் பட்டால் கறுத்துவிடும். ஆகையால் இலை தொடும் பரப்புகளில் பித்தளையும் துருவேறா எஃகும் பயன்படுகின்றன.

இவற்றினும் நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. தேயிலை பிற பொருள்களின் மணத்தை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் வாடை, புதுச் சாயத்தின் நெடி, கருகிய ரப்பர் பட்டையின் நாற்றம் ஆகிய எது காற்றில் இருந்தாலும் உலர்ந்த இலை அதைக் குடித்து வைத்துக்கொண்டு, கோப்பையில் வெந்நீர் ஊற்றும்போது திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே, மற்ற ஆலைகளில் தாராளமாக எண்ணெய் விடும் பொறியாளர் இங்கே துளி எண்ணி விட வேண்டும். அதிகமானால் எண்ணெய் சொட்டும். குறைந்தால் இரும்பு இரும்போடு தேயும். தேய்ந்த இரும்பின் தூளும் இலையில் கலந்துவிடக் கூடாதென்று சலிக்கும் இடத்தில் காந்தங்களைப் பொருத்தியிருக்கிறார்கள். காலைதோறும் அக்காந்தங்களைத் துடைக்கும்போது, அதில் ஒட்டியிருக்கும் தூளை நம் பிட்டர் விரலால் தேய்த்துப் பார்ப்பார். தூள் மிகுந்தால் எங்கோ ஏதோ தேய்கிறது என்று பொருள். வைத்தியர் நாடி பார்ப்பதற்கு இணையானது அது.

இவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தாய் கொழுந்து கிள்ளினார். தந்தை உலையில் விறகு போட்டார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தபின் ரிங்லெட்டில் சிறிது காலம் படித்து, வீட்டு நிலைமை இடங்கொடாமல் பதினேழாம் வயதில் ஆலைக்குள் கையாளாக நுழைந்தார். அந்நாளில் கூரையின் கீழ் நீண்டதோர் இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து தோல்வார்கள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டும். வாரில் சட்டைநுனி சிக்கினால் மனிதன் கூரைக்குப் போய்விடுவான். மூத்த பிட்டர் சீனர் ஒருவர், சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டாத பையன்களை உள்ளேயே விடமாட்டாராம். இயந்திரத்தை நிறுத்தி, மின்விசையைத் துண்டித்து, அதன் சாவியைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பின்னரே ஒரு திருகாணியைத் தொட வேண்டும் என்பது அவர் கற்பித்த முதற்பாடம். விசைக்குப் பூட்டிட்டு அட்டை தொங்கவிட வேண்டுமென்று இன்றைய பாதுகாப்பு விதிகள் கூறுவதும் அதையேதான். மனிதர்கள் விரலிழந்தும் கையிழந்தும் எழுதிய விதிகள் அவை. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் நடப்பிலிருந்து 2024 ஜூன் முதல் நாள் நீக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் திருத்தி விரிவாக்கப்பட்டு அதன் இடத்தை ஏற்றது. சட்டத்தின் பெயர் மாறியதைப் பிட்டர் பெரிதாக எண்ணவில்லை. சாவி சட்டைப் பையில் இருக்கிறதா என்பதே அவருக்குக் கேள்வி.

சீனப் பிட்டர் கற்பித்த மற்றொன்று செவியின் பயன். நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை இயந்திரத்தின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டால், உள்ளே சுழலும் உருண்டைகளின் ஓசை தெளிவாகக் கேட்கும். நல்ல பேரிங் ஒரே சீராக முரலும். எண்ணெய் வற்றினால் கிறீச்சிடும். உருண்டை செதில் உதிர்ந்தால் கடகடக்கும். அதிர்வை அளக்கும் மின்னணுக் கருவிகளும், தொடாமலே வெப்பம் காட்டும் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. இவரும் அவற்றைப் பயன்படுத்துகிறார். கருவி எண்ணைக் காட்டும். நேற்றைக்கு இன்று என்ன வேறுபாடு என்பதைச் செவி முதலில் சொல்லிவிடும் என்பது அவர் கருத்து. அதில் சிறிது பெருமிதமும் கலந்திருக்கலாம். இருந்தால் என்ன?

பெருந்தொற்று நாட்டை முடக்கிய 2020ஆம் ஆண்டுக்குச் சில ஆண்டுகள் முன்னர், அடைமழை முடிந்து கொழுந்து மிகுந்திருந்த ஓரிரவு. உலர்த்தும் இயந்திரத்தின் பெரிய விசிறியருகே நின்ற நேப்பாளத் தொழிலாளி, பிட்டரைத் தேடி ஓடி வந்து, "அபாங், பூன்யி லாயின்" என்றான். ஓசை வேறாக இருக்கிறது என்று பொருள். இலை தெரியாத ஊரிலிருந்து வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தவன் அவன். பிட்டர் சென்று திருப்புளியை ஊன்றினார். கடகடப்பு. பேரிங்கின் உறைமேல் கை வைத்தார். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியதாயிற்று.

அப்போது மணி ஒன்றரை. உலர்த்தியின் உள்ளே இலை. மேடையில் பக்குவம் எய்திய இலை. உருட்டும் இயந்திரங்கள் இரண்டில் இலை. தொட்டிகளில் வாடிய இலை. உடனே விசிறியை நிறுத்தினால் உள்ளிருக்கும் இலை கருகும். உலையின் வெப்பம் செல்வதற்கு வழியின்றிக் குழாய்கள் பழுத்து வளையும். தேயிலைத் தூள் தீப்பற்றவும் கூடும். நிறுத்தாமல் ஓடவிட்டால் பேரிங் இறுகித் தண்டு முறியும். முறிந்தால் ஒரு வாரம் ஆலை இல்லை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை அளந்து சொல்லும் கருவி எதுவும் ஆலையில் இல்லை. பிட்டர் நாற்பது நிமிடம் என்று கணித்தார்.

தேயிலைப் பக்குவம் பார்ப்பவரான டீமேக்கர் வயதில் இளையவர். இவரை அண்ணே என்றழைப்பவர். "அண்ணே, மேடையில இருக்கிறத மட்டுமாவது காப்பாத்திக் குடுங்க" என்றார். புதிதாக உருட்டும் வேலையை உடனே நிறுத்தச் சொன்னார் பிட்டர். பக்குவம் எய்திய இலையை மட்டும் உலர்த்திக்குள் விட்டார்கள். உலையில் விறகு போடுவதைக் குறைத்தார்கள். பேரிங்குக்குப் புதுக் கொழுப்பை ஊட்டி, அதன் அருகிலேயே ஒருவனை நிறுத்தி, கை பொறுக்கும் அளவை நிமிடந்தோறும் கூவச் செய்தார். உருட்டி முடித்த இளம் இலையை மேடையில் மிக மெல்லிதாகப் பரப்பி, எல்லாச் சாளரங்களையும் திறந்துவிடச் சொன்னார். வெளியே பதினைந்து பாகைக் குளிர். குளிரில் இலையின் மாற்றம் தளரும். ஆண்டு முழுவதும் மோட்டாருக்குப் பகையாக நின்ற மலைக்காற்று அன்றிரவு ஆளுக்கு ஆளாக நின்று உதவியது. தொட்டியில் இருந்த வாடிய இலைக்கு வெறும் குளிர்காற்றை மட்டும் விட்டுவைத்தார்கள்.

உலை தணிந்து விசிறி நின்றபோது மணி இரண்டேகால். மாற்றுப் பேரிங் வேண்டுமென்று அவர் எழுதிக் கொடுத்து இரண்டு மாதமாகியிருந்தது. செலவைக் குறைக்கும் திட்டத்தில் அந்தத் தாள் எங்கோ தங்கிவிட்டது. தோட்டங்களில் இது புதிதன்று. ஆனால், கழித்துப் போட்ட பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து நல்ல நிலையிலிருந்த பேரிங்கைக் கழற்றி, கொழுப்பு தடவி, எண்ணெய்த்தாளில் சுற்றித் தம் பெட்டியில் வைத்திருந்தார். எண் ஒன்றே. மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்க செய்தி இது: பேரிங்கின் அளவுகள் உலகம் முழுவதற்கும் பொதுவானவை. ஸ்வீடனில் செய்ததற்கும் ஜப்பானில் செய்ததற்கும் எண் ஒன்றானால் அளவும் ஒன்றே. பொதுவாகக் காணும் வகைகளில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் துளையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். பன்னிரண்டு என்று முடிந்தால் அறுபது மில்லிமீட்டர். ஆறாம் வகுப்புப் பெருக்கல் வாய்பாடு போதும்.

பழைய பேரிங் தண்டோடு ஒட்டிப்போய் இழுவைக் கருவிக்கும் அசையவில்லை. வெளிவளையத்தை உடைத்து, உள்வளையத்தைத் தண்டில் கீறல் விழாதபடி சிறிது சிறிதாக அறுத்தெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மாற்றுப் பேரிங்கை எண்ணெயில் இட்டு நூறு பாகை அளவுக்குச் சுடவைத்தார். சூட்டில் இரும்பு விரியும், விரிந்த வளையம் தண்டில் தானாக வழுக்கி அமரும், ஆறியதும் இறுகும். சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவன் பேரிங்கை அன்றே கொன்றுவிடுகிறான் என்பது அவர் வாக்கு. ஐந்து மணிக்கு முன்னரே விசிறி சுழன்றது. உருட்டி வைத்திருந்த இலை மட்டும் சற்று மங்கிய தேயிலையாக முடிந்து தனிப் பைக்குப் போனது. மற்றவை அனைத்தும் பிழைத்தன. காலையில் மேலாளருடைய மேசைக்குச் சென்ற அறிக்கையில் 'விசிறி பேரிங் மாற்றப்பட்டது, மூன்று மணி நேரம்' என்று ஒரே வரி இருந்தது. செய்ததை விரித்தெழுதத் தெரியாதவர்களின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய ஒற்றை வரிகளாகவே எஞ்சுகிறது.

ஆனால் இவர் எழுதத் தெரியாதவரல்லர். ஆலைக்குரிய அறிக்கைகள் ஆங்கிலத்திலும் மலாயிலும் அமைய வேண்டும். அவற்றில் அவர் வரிகள் குறுகியிருக்கும். வீட்டிலோ, கோடு போட்ட பள்ளி ஏடுகளில், தமிழில், முப்பது ஆண்டுகளாக ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனியே குறிப்பெழுதி வைத்திருக்கிறார். எழுத்துப் பிழைகள் உண்டு. றகர ரகரங்கள் இடம் மாறியிருக்கும். ஆயினும் அந்த ஏடுகளில் உள்ள தமிழைக் கண்டு தமிழாசிரியர்கள் சற்று நிற்க வேண்டும். 'இரண்டாம் நம்பர் உருளை, கொட்டாங்கச்சி உருளும் சத்தம், பல்லுச் சக்கரம் தேஞ்சிருக்கு.' 'சிராக்கோ மோட்டார், வயித்து வலிக்காரன் முனகுற மாதிரி, ஒரு கட்ட மின்சாரம் வரல.' 'விசிறி, ஆட்டுக்கல்லுல உளுந்து தீந்தபின் கேக்கும் சத்தம், எண்ணெய் இல்ல.' முனகல், உறுமல், அரற்றல், கொட்டல், கிறீச்சிடல், முரலல் என்று ஓசைகளை வேறுபடுத்திச் சொல்வதற்கு நம் மொழியில் உள்ள வளம் பிற இடங்களில் செய்யுளுக்குப் பயன்பட்டது. இவருக்குப் பேரிங்குக்குப் பயன்பட்டிருக்கிறது. ஆலையில் இப்போது கணினி வந்துவிட்டது. அதில் நாள், இயந்திர எண், மாற்றிய பாகம், செலவு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. ஓசைக்குக் கட்டம் இல்லை.

தோட்டமும் மாறிவிட்டது. கைவிரல்கள் கிள்ளிய இடத்தில் இருவர் பிடித்து நடக்கும் அறுவடை இயந்திரங்கள் வந்தன. அவை இலையோடு காம்பையும் அள்ளி வருவதால் பிரிக்கும் பொறிகளுக்கு வேலை கூடியது. அறுவடைக் கருவிகளின் சிறு எஞ்சின்களும் பிட்டரின் பட்டறைக்கே வருகின்றன. லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்து நேப்பாளத்தாரும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நிறைந்தனர். தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். போனது நன்றே, யாரும் அவர்களைத் திரும்பி வந்து விறகு போடச் சொல்ல முடியாது. 1969இல் தொடங்கிய ஈப்போவின் உங்கு ஓமார் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் இயந்திரவியல் பயின்றவர்கள் பெரிய ஆலைகளில் நல்ல ஊதியத்துக்கு அமர்ந்தார்கள். நம் பிட்டரிடமோ நெடுங்காலம்வரை எந்தச் சான்றிதழும் இல்லை. இருபத்தைந்து ஆண்டு அனுபவமிருந்தும், சான்றிதழுடன் வந்த இளைஞர்களுக்குக் கீழே பெயர் எழுதப்பட்டிருந்தது. அவ்விளைஞர்களில் மூவர் வந்து, கற்று, ஓராண்டில் கீழே இறங்கிப் போய்விட்டனர்.

2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் மலேசியத் திறன் சான்றிதழுக்கு உரிய இடம் கொடுத்தது. வகுப்பில் அமராமலேயே, பணியில் முன்பு பெற்ற திறனை ஆதாரங்களுடன் காட்டி அச்சான்றிதழைப் பெறும் வழியும் உண்டு. இதனை அறியாத தமிழ்த் தொழிலாளர் இன்றும் பலர். பிட்டருக்கு அதைக் கூறியவர் அவருடைய மகள். செய்த வேலைகளுக்குச் சான்று தொகுக்க வேண்டியிருந்தபோது அலுவலகக் கோப்புகளில் ஒற்றை வரிகளே கிடைத்தன. தமிழ் ஏடுகளை எடுத்து மகள் இரவு பகலாக மலாயில் பெயர்த்தாள். கொட்டாங்கச்சி உருளும் ஓசையை எவ்வாறு மொழிபெயர்ப்பது என்று தந்தையும் மகளும் அரைமணி நேரம் வாதாடியதாகச் சொல்வார்கள். நேர்காண வந்த மதிப்பீட்டாளர் ஏட்டைப் புரட்டிவிட்டு, ஒரு மோட்டாரை ஓட்டச் சொல்லி, திருப்புளியைத் தம் காதிலும் வைத்துக் கேட்டாராம். ஐம்பது வயதை நெருங்கியபோது பிட்டருக்குச் சான்றிதழ் வந்தது. ஊதியம் சிறிது உயர்ந்தது. பெயரும் பராமரிப்புப் பொறியாளர் என்று மாறியது.

இப்போது அவரிடம் உதவியாளர் இருவர் இருக்கின்றனர். ஒருவன் அன்றிரவு ஓடி வந்த நேப்பாளத்தான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மற்றவன் ரிங்லெட்டுத் தமிழ் இளைஞன். தேசியப் பள்ளியில் பயின்றவன். அவனுக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஏடுகள் மொத்தம் பதினெட்டு. மகள் மொழிபெயர்த்தவை சான்றுக்கு வேண்டிய நான்கு மட்டுமே. பிட்டர் ஓய்வு பெற மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் இயந்திரங்கள் நின்றிருக்கும் நேரத்தில் அவர் ஏட்டை உரக்கப் படிக்கிறார். நேப்பாளத்தான் தன் எழுத்தில் எழுதிக்கொள்கிறான். ரிங்லெட்டு இளைஞன் கைப்பேசியில் பதிவு செய்துகொள்வதோடு, ஏட்டின் ஓரத்தில் விரலை வைத்து எழுத்துக் கூட்டவும் தொடங்கியிருக்கிறான். றகரமும் ரகரமும் இடம் மாறிய இடங்களில் அவன் தடுமாறுகிறான். பிட்டர் அவ்விடங்களைப் பென்சிலால் திருத்திக்கொண்டு வருகிறார். ஏழாம் ஏடு நடந்துகொண்டிருக்கிறது.